ரெடிமேட் தாளமும் சொந்தச் சரக்கும்

கணினியில் இசை பண்ணுகிற ஆசாமிகள் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் பத்தாவது நிமிடத்தில் ஒரு பஞ்சாயத்து நிச்சயம். "லூப்பை இழுத்துப் போட்டு ஒட்டுறதெல்லாம் ஒரு பொழப்பா?" என்று ஒரு கோஷ்டி கிளம்பும். "கேக்கிறவனுக்குப் புடிச்சிருந்தா போதாதா? நீ மட்டும் என்ன, கிடாரை நீயே செஞ்சா வாசிக்கிறே?" என்று எதிர்க்கோஷ்டி எகிறும். முதல் கோஷ்டி உழைப்பு, மானம், படைப்பு என்று பேசும். இரண்டாவது கோஷ்டி நேரம், காசு, ரிசல்ட் என்று பேசும். டீ ஆறிப்போகும். முடிவு மட்டும் வராது.

இரண்டிலும் சேராமல் மூன்றாவதாக ஒரு கட்சி ஆரம்பிக்கலாம் என்று எனக்கு ஒரு ஆசை. படிப்பது பி.காம் என்பதால் கட்சியின் கொள்கை விளக்கத்தில் கொஞ்சம் கணக்குப் பாட வாடை அடிக்கும். பொறுத்தருள்க.

முதலில், விவரம் தெரியாத வகுப்புத் தோழர்களுக்காக ஒரு சின்ன முன்னுரை. லூப் என்பது இரண்டு பார், நாலு பார் அளவுக்கு மட்டும் வாசித்துப் பதிவு செய்த துண்டு இசை. அதன் வாலையும் தலையையும் ஒட்டிவிட்டால் தையல் தெரியாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். பேட்டர்ன் என்பது எந்த இடத்தில் எந்த அடி விழ வேண்டும் என்கிற குறிப்பு. பிரீசெட் என்பது கருவியைச் செய்த கம்பெனியே உள்ளே வைத்து அனுப்பிவிடுவது. பழைய காசியோ கீபோர்டில் ரிதம் பட்டனை அமுக்கினால் டும் டிக் டும் டிக் என்று ஒன்று ஓடுமே, அதுவும் இந்த வகையறாதான்.

1998-ல் சோனிக் ஃபவுண்ட்ரி நிறுவனம் 'ஆசிட்' என்ற மென்பொருளைக் கொண்டு வந்தது. வெவ்வேறு வேகத்தில் பதிவான லூப்களை, சுருதி மாறாமல் இழுத்தோ சுருக்கியோ, ஒரே வேகத்துக்குக் கொண்டு வந்துவிடும். 2004-ல் ஆப்பிளின் கராஜ்பேண்ட் வந்தது. வீட்டுக் கணினியில் லூப்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினாலே பாட்டு மாதிரி ஒன்று வந்துவிடும் என்ற நிலை. இப்போது ஸ்ப்ளைஸ் மாதிரித் தளங்களில் மாதச் சந்தா கட்டினால் போதும், டிரம்ஸ், பேஸ், புல்லாங்குழல், பெண் குரல் ஆலாபனை வரை எல்லாம் இறக்கிக்கொள்ளலாம். ஒரு முறை காசு கொடுத்தால் பிறகு ராயல்டி தர வேண்டியதில்லை. மளிகைக் கடை மாதிரிதான்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் ஒரு பாடம் உண்டு. ஒரு உதிரி பாகத்தை நாமே செய்வதா, வெளியில் வாங்குவதா? நாமே செய்தால் ஆகும் மாறும் செலவு எவ்வளவு, வெளிக்காரன் சொல்லும் விலை எவ்வளவு என்று பார்ப்போம். வெளி விலை குறைவு என்றால் வாங்கு. கணக்கு அவ்வளவுதான். ஆனால் விடையின் அடியில் இரண்டு வரி எழுதச் சொல்வார்கள். ஒன்று, வாங்குவதால் மிச்சமாகிற மெஷின் நேரத்தை வேறு எதற்குப் பயன்படுத்தப் போகிறாய்? இரண்டு, அந்தப் பாகம்தான் உன் பொருளைப் போட்டிக்காரன் பொருளிலிருந்து பிரித்துக் காட்டுகிறது என்றால், விலை குறைவாக இருந்தாலும் வெளியே கொடுக்காதே. பரீட்சையில் அந்த இரண்டு வரிக்கு இரண்டு மார்க். லூப் விஷயத்தில் எனக்கென்னவோ முழு மார்க்கும் அங்கேதான் இருக்கிறது என்று படுகிறது.

முதல் வரியை எடுத்துக்கொள்வோம். 2007-ல் வந்த ரிஹானாவின் 'அம்ப்ரெல்லா' பாட்டு இங்கிலாந்துப் பட்டியலில் தொடர்ந்து 10 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதில் ஓடுகிற டிரம்ஸ், கராஜ்பேண்டோடு வருகிற 'விண்டேஜ் ஃபங்க் கிட் 03' என்கிற லூப். மேக் கணினி வைத்திருந்த எல்லாரிடமும் அது ஏற்கெனவே இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதை இழுத்துப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாட்டைச் செய்த டிரிக்கி ஸ்டூவர்ட், தி-ட்ரீம் இருவரும் அதே லூப்பைத்தான் எடுத்தார்கள். ஆனால் டிரம்ஸில் மிச்சம் பிடித்த நேரத்தை மெட்டில் செலவழித்தார்கள். குடை என்ற சொல்லின் கடைசி அசையைத் துண்டு துண்டாக உடைத்துத் திரும்பத் திரும்பப் பாட வைத்தார்களே, உலகம் முணுமுணுத்தது அதைத்தான். டிரம்ஸை யாரும் முணுமுணுக்கவில்லை.

ஆக, வாங்கியது தப்பே இல்லை. வாங்கியதால் மிஞ்சிய நேரம் எங்கே போனது என்பதுதான் கேள்வி. டிரம்ஸ் லூப் போட்டு மிஞ்சிய நேரத்தில் பேஸ் லூப் தேடி, அதில் மிஞ்சிய நேரத்தில் பியானோ லூப் தேடி, மிஞ்சிய நேரத்தில் அட்டைப்படம் செய்து ரிலீஸ் பண்ணினால் மெஷின் நேரம் மிச்சமாகி என்ன பயன்? சும்மா கிடந்து துருப் பிடித்ததுதான் மிச்சம்.

இங்கே எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் எழுந்து, "அப்ப, பாட்டுல மறக்க முடியாத இடம் எதுவோ அது சொந்தமா இருக்கணும்; மத்ததெல்லாம் வாங்கலாம். இதானே உங்க கொள்கை?" என்று மடக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1985-ல் ஜமைக்காவில் நடந்த ஒரு சங்கதி இந்தக் கொள்கையை அப்படியே கவிழ்த்துவிடுகிறது.

காசியோ நிறுவனம் 1981-ல் எம்டி-40 என்ற சின்னக் கீபோர்டை வெளியிட்டது. அதன் ரிதங்களைச் செய்தவர் ஒகுடா ஹிரோகோ என்ற இளம்பெண். 1980-ல்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். கல்லூரியில் ரெகே இசையைப் பற்றி ஆய்வேடு எழுதியவர். அவர் 'ராக்' என்ற பெயரில் ஒரு பிரீசெட் செய்து வைத்தார். அந்தக் கீபோர்டு எப்படியோ ஜமைக்கா இளைஞர்கள் கையில் கிடைத்தது. பாடகர் வேய்ன் ஸ்மித்தும் அவர் நண்பர் நோயல் டேவியும் அந்த ராக் ரிதத்தைத் தயாரிப்பாளர் கிங் ஜாமியிடம் கொண்டு போனார்கள். ஜாமி அதன் வேகத்தைக் குறைத்தார். 'அண்டர் மி ஸ்லெங் டெங்' என்ற பாட்டு வந்தது. ஜமைக்கா இசையே கணினி யுகத்துக்குத் தாவியது. அதற்குப் பிறகு அதே ரிதத்தின் மேல் நூற்றுக்கணக்கான பாட்டுகள் வந்தன.

இந்தப் பாட்டில் மறக்க முடியாத இடம் எது? அந்த ரிதம்தான்! நூற்றுக்கு நூறு கம்பெனிச் சரக்கு. பட்டனை அமுக்கினால் வருவது. அப்படியானால் இது சொந்தப் படைப்பு இல்லையா?

இருக்கிறது. சொந்தம் ஒளிந்திருக்கும் இடம்தான் வேறு. ராக் என்று பெயர் போட்ட டப்பாவுக்குள் ரெகே இருப்பதை முதலில் காதால் கண்டுபிடித்தது ஒரு வேலை. வேகத்தைக் குறைத்தால்தான் அது வெளியே வரும் என்று முடிவெடுத்தது இன்னொரு வேலை. பேஸ் கிடார்காரரும் டிரம்மரும் சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்த ஊரில், இது மட்டும் போதும் என்று துணிந்தது மூன்றாவது வேலை. எம்டி-40 வைத்திருந்த மற்றவர்கள் எல்லாம் ராக் பட்டனை அமுக்கி ராக்தான் கேட்டார்கள்.

அதனால் என் கட்சியின் கொள்கையைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். எது ரெடிமேட், எது சொந்தம் என்று சதவீதக் கணக்குப் போடுவது வீண் வேலை. உங்கள் பாட்டில் உங்களால் மட்டும் நடந்தது எது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறதா? அதுதான் கேள்வி. மெட்டாக இருக்கலாம், வேகமாக இருக்கலாம், வெட்டிய இடமாக இருக்கலாம். ஏதோ ஒரு இடத்தில் விரல் நிற்க வேண்டும்.

"இது என்ன பெரிய தத்துவம், கேக்கிறவனுக்கு இதெல்லாம் தெரியவா போகுது?" என்கிறவர்களுக்காக ஒரு நிஜச் சம்பவம்.

எங்கள் வகுப்பு நண்பன் ஒருவன் குறும்படம் எடுத்தான். பின்னணி இசை செய்தவன் இன்னொரு நண்பன். நேர்மையானவன். திருட்டு மென்பொருள்கூட வைத்திருக்கவில்லை. காசு கொடுத்து ஒரு லூப் தொகுப்பு வாங்கி, அதில் ஒரு புல்லாங்குழல் லூப்பைக் கதாநாயகி பேருந்து ஏறும் காட்சிக்கு அப்படியே 40 வினாடி ஓட விட்டிருந்தான். படத்தை ஒரு வீடியோ தளத்தில் ஏற்றினார்கள். மூன்றே நாளில், "இதில் இருப்பது இன்னொருவருடைய பாட்டு" என்று நோட்டீஸ் வந்து, அந்த 40 வினாடியும் ஊமையாகிவிட்டது. போய்த் தேடினால், வேறு நாட்டில் யாரோ ஒருவர் அதே தொகுப்பை வாங்கி, அதே புல்லாங்குழலை வைத்துப் பாட்டு வெளியிட்டு, அந்தப் பாட்டைத் தன் பெயரில் பதிவும் செய்து வைத்திருக்கிறார். இயந்திரத்துக்கு என்ன தெரியும்? இரண்டு ஒலியும் ஒன்றாக இருக்கிறது, எது முதலில் பதிவானதோ அது சொந்தக்காரர். ரசீதை எல்லாம் அனுப்பி, ஆட்சேபம் எழுதி, ஒலி திரும்பி வர மூன்று வாரம் ஆனது. அதற்குள் அவர்கள் அனுப்ப நினைத்திருந்த போட்டியின் கடைசித் தேதி போயே போச்சு.

சட்டப்படி நண்பன் மேல் தப்பே கிடையாது. ஆனால் காமர்ஸ் மக்களுக்குப் புரிகிற மொழியில் சொன்னால், அவன் வாங்கியது பயன்படுத்தும் உரிமை மட்டும்தான், தனியுரிமை இல்லை. பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்க எல்லாருக்கும் உரிமை உண்டு. அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து "இது என் கிணறு" என்று யாரும் லேபிள் ஒட்டக்கூடாது. ஒருவன் ஒட்டிவிட்டால் மற்ற எல்லாருக்கும் தலைவலி. இசையை விநியோகிக்கிற நிறுவனங்கள் பலவும் இதனால்தான், பலரும் பயன்படுத்தும் லூப் வெளிப்படையாகக் கேட்கிற பாட்டைத் தானியங்கி அடையாளப் பதிவில் சேர்க்கக் கூடாது என்று விதி வைத்திருக்கின்றன. அதே புல்லாங்குழலை நண்பன் நாலு துண்டாக வெட்டி, வரிசை மாற்றி, இடையில் மௌனம் விட்டு அடுக்கியிருந்தால் இயந்திரம் மடக்கியிருக்கும் வாய்ப்பு ரொம்பக் குறைவு. காட்சிக்கும் அது இன்னும் பொருந்தியிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

வெட்டி அடுக்குவது என்றதும் பேச வேண்டிய பெயர் கிரெகரி கோல்மன். அமெரிக்காவின் 'தி வின்ஸ்டன்ஸ்' குழுவின் டிரம்மர். 1969-ல் அவர்கள் வெளியிட்ட இசைத்தட்டின் பின்பக்கத்தில் 'ஆமென், பிரதர்' என்றொரு பாட்டு. அதன் நடுவில் மற்ற எல்லாரும் நிறுத்திவிட, கோல்மன் மட்டும் நாலு பார் வாசிக்கிறார். மொத்தம் ஆறு ஏழு வினாடி இருக்கும். மூன்றாவது பாரில் ஒரு ஸ்நேர் அடி கொஞ்சம் தள்ளி விழும். நாலாவது பாரின் முதல் அடி காலி. கடைசியில் சிம்பல் நாம் எதிர்பார்ப்பதற்கு முன்னாலேயே விழும். இந்தச் சின்னச் சின்ன நழுவல்களால்தான் அது சுற்றிச் சுற்றி வந்தாலும் சலிப்பதில்லை.

1980-களின் ஹிப்-ஹாப்காரர்கள் அந்த நாலு பாரை எடுத்து லூப் ஆக்கினார்கள். 1990-களில் இங்கிலாந்து இளைஞர்கள் அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு அடியையும் தனித்தனியாக வெட்டி, வேகத்தை ஏற்றி, வேறு வரிசையில் கோத்தார்கள். ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்று இசை வகைகளே அதிலிருந்து கிளம்பின. மூலப்பொருள் ஒன்றுதான், ஆனால் ஒருவர் வெட்டியது மாதிரி இன்னொருவர் வெட்டவில்லை. ரெடிமேட், சொந்தம் என்று இரண்டு தனி அறைகள் கிடையாது, நடுவில் பெரிய கூடம் ஒன்று இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனால் இதற்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. ஆயிரக்கணக்கான பாட்டுகளில் ஒலித்த அந்தத் தாளத்துக்காகக் கோல்மனுக்கு ராயல்டி என்று ஒரு காசு வரவில்லை. 2006-ல் வீடில்லாத ஏழையாக இறந்துபோனார். குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015-ல் ரசிகர்கள் இணையத்தில் வசூல் செய்து 24,000 பவுண்டு கொடுத்தார்கள். நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் கழித்து, அதுவும் நன்கொடையாக.

எனவே, "லூப் வாங்கறவன் சோம்பேறி" என்று ஏளனம் செய்கிற கோஷ்டிக்கு ஒரு வார்த்தை. காசு கொடுத்து வாங்குகிற லூப்பில், வாசித்த மனிதருக்கு ஏதோ ஒரு பங்கு போய்ச் சேர வழியாவது இருக்கிறது. பழைய இசைத்தட்டிலிருந்து சத்தமில்லாமல் உருவி எடுத்து, "நான் எல்லாத்தையும் கையால செய்யறேன்" என்று மார்தட்டுவதில் அந்த வழிகூட இல்லை. யோக்கியதை என்று பார்த்தால் வாங்குகிறவன் பக்கம்தான் தராசு சாய்கிறது.

அதெல்லாம் சரி, ஆரம்பிக்கிறவர்கள் என்ன செய்வது? என் யோசனை இது. வாங்குங்கள், ஆனால் வாங்கியதை ஒரு முறையாவது நீங்களே திருப்பிச் செய்து பாருங்கள். பிடித்த ஒரு டிரம்ஸ் லூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்எல் ஸ்டூடியோவில் (1997-ல் ஃப்ரூட்டி லூப்ஸ் என்ற பெயரில் பிறந்தது, பெயரே ஜாதகம் சொல்கிறது!) 16 கட்டம் வரும். கிக் எந்தக் கட்டத்தில், ஸ்நேர் எந்தக் கட்டத்தில் என்று காதால் கேட்டு நிரப்புங்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். உங்களுடையது பொம்மை நடக்கிற மாதிரியும், லூப் மனிதன் நடக்கிற மாதிரியும் இருக்கும். அடிகள் எல்லாம் அதே இடம்தான். பிறகு ஏன்? அங்கேதான் பாடம் ஆரம்பம். ஒரு ஹை-ஹாட் அடி மெதுவாக, அடுத்தது அழுத்தமாக. ஒரு ஸ்நேர் கட்டத்துக்கு ஒரு மயிரிழை பின்னால். ஜே டில்லா என்ற அமெரிக்கர் இந்த மயிரிழை விலகலை வைத்தே தனி நடை உண்டாக்கினார். 2006-ல் இறந்த அவருடைய எம்பிசி இயந்திரம் இன்றைக்கு வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதைக் காது பிடித்துக்கொண்ட பிறகு கடைக்குப் போனால், ஆயிரம் லூப்பில் எது தேறும் எது தேறாது என்பது ஐந்து வினாடியில் தெரியும். சமைக்கத் தெரிந்தவர் மளிகை வாங்குவதற்கும் தெரியாதவர் வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம்.

இன்னொரு லாபமும் உண்டு. லூப் கடைகளில் குவிந்து கிடப்பது பெரும்பாலும் நாலு நாலாக எண்ணுகிற தாளங்கள். மிஸ்ர சாபு மாதிரி மூன்றும் நாலுமாக ஏழு எண்ணுகிற ஒரு பாட்டு மனதில் ஓடுகிறது என்று வையுங்கள். கடையில் தேடித் தேடிக் கிடைக்காமல் கடைசியில் பாட்டையே நாலுக்குள் மடக்கிப் போட்டுவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செருப்புக்குத் தகுந்த மாதிரி காலை வெட்டுகிற கதை. செய்யத் தெரிந்தவர் 16 கட்டத்தை 14 ஆக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். ரெடிமேடின் உண்மையான ஆபத்து சோம்பேறித்தனம் கூட இல்லை. கடையில் இருப்பதை மட்டுமே ஆசைப்படப் பழகிவிடுகிறோம், அதுதான்.

கடைசியாக, பாட்டு முடித்த பிறகு போட்டுப் பார்க்க இரண்டு சோதனை.

ஒன்று: வாங்கிய டிராக் எல்லாவற்றையும் மியூட் செய்யுங்கள். என்ன மிஞ்சுகிறது? ஒரு மெட்டு, ஒரு குரல், ஒரு வரி மிஞ்சினால் அது உங்கள் பாட்டு. 'அம்ப்ரெல்லா' இதில் தேறும்.

இரண்டு: ஒன்றுமே மிஞ்சாவிட்டால், நீங்கள் வெட்டி ஒட்டிய லூப்பை எடுத்துவிட்டு, கடையிலிருந்து வந்த அசல் லூப்பை அதன் அசல் வேகத்திலேயே அந்த இடத்தில் வையுங்கள். பாட்டு உடைந்து போனால் உங்கள் கை அதில் பட்டிருக்கிறது என்று அர்த்தம். 'ஸ்லெங் டெங்' இதில் தேறும். ஜங்கிள்காரர்கள் தேறுவார்கள். ஒரு மாற்றமும் தெரியாவிட்டால் அது கடைக்காரரின் பாட்டு. உங்கள் பெயர் பில்லில் இருக்கிறது, அவ்வளவே.

இப்போது சூனோ, யூடியோ என்று ஒரு வரி தட்டச்சு செய்தால் முழுப் பாட்டையே துப்புகிற சமாச்சாரங்கள் வந்துவிட்டன. 2024 ஜூனில் யுனிவர்சல், சோனி, வார்னர் மூன்றும் இவற்றின் மேல் வழக்குப் போட்டன. வழக்கு, சமரசம் எல்லாம் அவர்கள் பாடு. முதல் சோதனையைப் போட்டால் மிஞ்சுவது நாம் தட்டச்சிய அந்த ஒரு வரி. சிலருக்கு அதுவே போதும் என்று தோன்றலாம். எனக்குப் போதாது.

டீ ஆறிவிடுவதற்குள் முடித்துவிடுகிறேன். அடுத்த முறை பஞ்சாயத்து கூடும்போது, "லூப் போட்டியா இல்லியா?" என்று கேட்காதீர்கள். "இதுல உன் வேலை எங்க இருக்கு, காட்டு" என்று கேளுங்கள். காட்ட முடிந்தவர் எந்தக் கடையில் வாங்கினால் நமக்கென்ன?

பி.கு.: புல்லாங்குழல் நண்பன் அடுத்த படத்துக்கு அதே தொகுப்பைத்தான் பயன்படுத்துகிறான். ஆனால் இப்போது ஒவ்வொரு லூப்பையும் ஏழெட்டாக வெட்டிக்கொண்டிருக்கிறான். "காசு கொடுத்தாச்சு, வீணாக்க முடியாதுல்ல" என்கிறான். அவனும் பி.காம்தான்.